பஸ் ஸ்டாப்பில் இருந்த போர்டு

அன்பு மகள் மஞ்சுவுக்கு, வடகரையிலிருந்து சித்தப்பா இசக்கியப்பன் எழுதுவது. இங்கே நானும் ஆடுகளும் நல்ல சுகம். போனை நீ எடுக்காததால் உன் சுகத்தை டீக்கடை யாக்கூப் மகள் ஆஷிகாவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

சாரல் இந்த வருஷம் அமர்க்களம். குற்றாலத்தில் மெயின் அருவிக்குக் கீழே நான் போய் நின்றதும் கூட்டம் தானாக விலகி வழிவிட்டது, என் முதுகில் விழுந்த தண்ணீர் செங்கோட்டை வரைக்கும் தெறித்ததாகப் பேசிக்கொள்கிறார்கள். குளித்து வந்தால் துண்டு எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. சோறு இன்னும் உன் பங்குக்கும் சேர்த்துத்தான் வடிக்கிறேன், கை அப்படியே பழகிவிட்டது, மிச்சத்தை ஆடு தின்கிறது.

எஸ்.ஐ. செலக்‌ஷன் ஓட்டத்தில் நீ பிந்திவிட்டதை ஆஷிகா சொன்னாள். ஊருக்கு வந்தா அந்த போர்டுக்கு முன்னால எப்படி இறங்குவேன் என்று அழுதாயாமே. எழுத்துப் பரீட்சை பாஸான அன்றைக்கே உன் படத்துக்குப் போலீஸ் தொப்பி வைத்து, பஸ் ஸ்டாப்பில் தென்னை உயரத்துக்கு பிளெக்ஸ் கட்டியது நான்தானே. தகப்பன் இல்லாத பிள்ளை என்று ஒருத்தன் சொல்லக்கூடாது என்றுதான் கட்டினேன். தென்காசி ஜில்லாவிலேயே அவ்வளவு பெரிய பிளெக்ஸ் கல்யாண வீட்டுக்குக்கூட எவனும் கட்டியதில்லை. யாக்கூப் அப்போதே சொன்னான், வே அண்ணாச்சி, பிள்ளை ஓடுததுக்கு முன்னாலயே நீரு ஓடி ஜெயிச்சிட்டீரே என்று. பொறாமை என்று நினைத்தேன். நீ ஓடிப் பழகும்போதெல்லாம் மொபெட்டில் பின்னாலேயே வந்து சத்தம் போட்டதும் உனக்குத் தெம்பு என்றுதான் நினைத்தேன். மூச்சு வாங்க நிற்கக்கூட உன்னை விடவில்லை போல.

நேற்று அந்த போர்டை நானே ஏறி அவிழ்த்துவிட்டேன். இந்த வயதில் ஒருத்தன் அப்படி ஏறியதைப் பார்த்து பஸ்ஸே நின்றுவிட்டது. கேட்டவர்களிடம் காற்று பிய்த்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். ஆட்டுக்கொட்டகை ஒழுகிக்கொண்டிருந்தது, அதற்கு மேலே போட்டிருக்கிறேன், உன் படம் உள்பக்கம். ஆடுகள் இப்போது வரிசையாக நிற்கின்றன, பொய்யில்லை.

மறுபடி ஓடுவதோ வேறு வேலைக்குப் படிப்பதோ உன் இஷ்டம். நான் ஒருத்தரிடமும் மூச்சு விடமாட்டேன், யாக்கூப்பைத் தவிர. சாரல் முடிவதற்குள் ஒரு தடவை வந்து குளித்துவிட்டுப் போ. குற்றாலநாதர் உன்னைக் குறையில்லாமல் வைப்பார். தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. எந்த பஸ் என்று மட்டும் ஆஷிகாவிடமாவது சொல்லிவிடு. ஸ்டாப்பில் இப்போது ஒன்றும் இல்லை. நான் மட்டும் நிற்பேன், சத்தம் போடமாட்டேன்.

என்றும் உன் நல்லதையே நினைக்கும் சித்தப்பா,
இசக்கியப்பன்