நாற்பது குதிரையும் இழுக்காத படகு

அனுப்புநர்:
ஏழாம் எண் பயணப்படகின் ஓட்டுநர் (தற்காலிகப் பணிநீக்கத்தில் உள்ளவர்),
படகுத்துறைக் குடியிருப்பு, கடைசி வீடு.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
நீர்வழிப் போக்குவரத்து அலுவலகம்.

பொருள்: கியர்பாக்ஸ் இல்லாமல் பொருத்திய எஞ்சினுக்குச் சான்று அளித்தது, விபத்துப் பழியை என்மேல் சுமத்திய அறிக்கையைத் திருத்தக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த ஆற்றில் ஆட்களை ஏற்றி இறக்கி வருகிறேன். சென்ற மாதம் ஒன்பதாம் தேதி காலை, புதிய எஞ்சினோடு முதல் நடை. முப்பத்தொரு பயணிகள். நடு ஆற்றில் நீரோட்டத்தை எதிர்க்க முடியாமல் படகு பின்னோக்கிப் போய்ப் பாலத்தூணில் மோதியது. பயணிகள் பிழைத்தார்கள். தூணில் கையூன்றித் தள்ளிய எங்கள் படகுக் கயிற்றுக்காரரின் வலது கை நசுங்கி, மணிக்கட்டோடு எடுக்கப்பட்டது. விசாரணை அறிக்கை இதை 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்கிறது. இம்மாதம் முப்பதாம் தேதியுடன் என் உரிமம் நிரந்தரமாக ரத்தாகும்.

2. பழைய எஞ்சின் இருபத்துநாலு குதிரைத்திறன், நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு சுற்று. புதியது நாற்பது, ஆனால் அந்த நாற்பது மூவாயிரத்து அறுநூறு சுற்றில்தான் கிடைக்கும். குதிரைத்திறனை 716 ஆல் பெருக்கிச் சுற்றால் வகுத்தால், படகின் அடியில் தண்ணீரைத் தள்ளும் விசிறியின் தண்டைத் திருப்பும் முறுக்குவிசை வரும். பழையதற்குப் பதினான்கு, புதியதற்கு வெறும் எட்டு. கியர்பாக்ஸ் வைத்துச் சுற்றை மூன்றில் ஒன்றாகக் குறைத்திருந்தால் அந்த எட்டு இருபத்துநாலாகியிருக்கும். அதை வைக்காமல் பழைய விசிறியையே நேரடியாக மாட்டினார்கள். தண்ணீரின் பாரத்தில் எஞ்சின் தொள்ளாயிரம் சுற்றைத் தாண்டவில்லை. எட்டைத் தொள்ளாயிரத்தால் பெருக்கி 716 ஆல் வகுத்துப் பாருங்கள். பத்துக் குதிரை. மீதி முப்பதும் காகிதத்தில் மேய்ந்துகொண்டிருந்தன.

3. படகோட்டிக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரியும் என்று தாங்கள் கேட்கலாம். சான்றில் கையொப்பமிட்ட சோதனைப் பொறியாளர் என் உடன்பிறந்த தம்பி. அவர் தேர்வுக்குப் படித்த நாட்களில் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டவன் நான். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம். அவருக்கு மறந்துபோயிருக்க வழியில்லை.

4. சோதனை நடந்தது கரையில். விசிறியைக் கழற்றி வைத்துவிட்டு எஞ்சினை ஓட்டினார்கள். சுமையில்லாத எஞ்சின் ஜம்மென்று மூவாயிரத்து அறுநூறு சுற்றியது; உடனே சான்றும் எழுதியாயிற்று. நீந்தத் தெரியும் என்பதைக் கட்டிலில் படுத்துக் காட்டுவதற்கு ஒப்பானது இது. கியர்பாக்ஸ் எங்கே என்று தம்பியிடம் கேட்டேன். வர ஆறு வாரம் ஆகுமாம், தொடக்க நாளோ அறிவித்தாயிற்றாம். பிறகு, பணிமனையில் எல்லோரும் கேட்க, "அண்ணே, இருபத்துநாலு குதிரை இழுத்ததை நாப்பது குதிரை இழுக்காதா? என்னை நம்ப மாட்டியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.

5. என் தவறையும் மறைக்கவில்லை. எஞ்சின் புகை கறுத்ததுமே படகைத் திருப்பியிருக்க வேண்டும். தம்பி கையெழுத்துப் போட்ட எஞ்சின் என்று இன்னும் கொஞ்சம் முடுக்கினேன். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். நான் ஆற்றுக்கும் அஞ்சாமல் போனேன். அதற்குரிய தண்டனையை ஏற்கிறேன்.

6. விசாரணையில் அவர் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "எஞ்சினில் சக்திக் குறைவு இல்லை, பழையதைவிடப் பதினாறு குதிரைத்திறன் அதிகம்" என்று வாக்குமூலம் கொடுத்தார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, அம்மையீர். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. சுற்றைப் பற்றியோ முறுக்கைப் பற்றியோ வாய் திறக்கவில்லை. என்னை 'மேற்படி ஓட்டுநர்' என்று குறிப்பிட்டார். கயிற்றுக்காரரைப் பார்க்க மருத்துவமனைக்கு இதுவரை ஒரு நடை வரவில்லை. அவர் மனைவி என்னிடம், "உங்க தம்பியே சொல்லிட்டாரே, அப்புறம் நீங்க என்ன சொல்ல?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

7. ஆகவே, முப்பதாம் தேதிக்குள் அதே படகை, அதே எஞ்சினுடன், கியர்பாக்ஸ் இல்லாமல், அதே பாலத்தின் கீழ் தங்கள் முன்னிலையில் ஓட்டிச் சோதிக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். பயணிகள் வேண்டாம். அருகில் ஒரு மீட்புப்படகு நின்றால் போதும். ஓட்டுநர் இருக்கையில் நான் இருக்கிறேன். கயிற்றுக்காரர் நின்ற இடத்தில் சான்றளித்த பொறியாளர் நிற்கட்டும். படகு நீரோட்டத்தை எதிர்த்து ஏறிவிட்டால் என் உரிமத்தை அங்கேயே ஒப்படைத்துவிடுகிறேன். அவர் படகில் கால் வைக்க மறுத்தால், அந்த மறுப்பை என் தரப்புச் சாட்சியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இடம்: படகுத்துறை
நாள்: பதினேழாம் தேதி, வியாழக்கிழமை

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஏழாம் எண் படகின் ஓட்டுநர்,
மேற்படி பொறியாளரின் அண்ணன்.