நடந்து போவதாகச் சொன்னவர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். பொய் சொன்னது போதும் என்று விட்டுவிட்டேன். போனில் பேசினால் பாதியில் அழுதுவிடுவேன். நீயும் “மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

முதல் தேதியோடு எங்கள் குடியிருப்பு வேன் நின்றுவிட்டது. லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். குடியிருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் நடந்து போகப் பழகிவிட்டால் கட்டியவர்கள் வேனை நிறுத்திக்கொள்ளலாம் என்று நகராட்சி அனுமதி கொடுக்கும்போதே நிபந்தனை இருந்ததாம். நூற்றுக்கு அறுபத்து மூன்று பேர் நடக்கிறார்களாம். அந்தக் கணக்கைச் சொல்கிற அறிக்கையின் கீழே கையெழுத்து உன்னுடையது. இருபதாம் தேதி நகராட்சிக் கூட்டத்தில் அதை ஏற்றுக்கொண்டால் வேன் இனி வரவே வராது.

நீ போட்ட போக்குவரத்துத் திட்டத்தை நம்பித்தான் நாங்கள் இங்கே குடிவந்தோம். இருநூற்று நாற்பது வீட்டுக்கு நாற்பதே கார் நிற்க இடம் என்றதும் எல்லோரும் முகம் சுளித்தார்கள். நான் மட்டும், என் தம்பி எல்லாம் யோசித்துத்தான் செய்திருப்பான் என்று உன்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். பக்கவாதம் வந்ததிலிருந்து உன் மாமா வண்டி ஓட்டுவதில்லை. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போக அவருக்கு அந்த வேன்தான். வாடகைக் காரைக் கூப்பிட்டால், பாலத்தைச் சுற்றி வரவேண்டும் என்று பாதி வழியில் ரத்து செய்துவிடுகிறான்.

இனி வருவதை உட்கார்ந்து படி. அந்தக் கணக்கைக் கெடுத்தவள் நான்தான்.

போன மாதம் ஒரு பெண் சர்வே எடுக்க வந்தாள். தினமும் எப்படிப் போகிறீர்கள் என்று கேள்வி. நடப்பவர்கள் கூடினால் உனக்கு நல்ல பெயர் வரும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, நடந்து என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அதோடு நின்றேனா? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் மாடி மாடியாக ஏறி, “எங்க தம்பி போட்ட திட்டம், நடந்துன்னே போட்டுடுங்க” என்று எல்லோரிடமும் சொன்னேன். எதிர்வீட்டு டீச்சர், “நாம வேன்லதானே போறோம்?” என்று கேட்டாள். வேன் ஏற வாசல் வரைக்கும் நடக்கிறோமா இல்லையா என்று மடக்கினேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த டிக் வேனையே நிறுத்தும் என்று எனக்கு எங்கே தெரியும்! இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை நான் மொட்டை மாடியில் துணி காயப்போடும் நேரம் பார்த்து மாமா ஆஸ்பத்திரிக்கு நடந்தே கிளம்பிப் போய்விட்டார். “பன்னிரண்டு நிமிஷம்னு உன் தம்பி எழுதியிருக்கான், எனக்கு அரை மணி ஆகட்டுமே” என்று முந்தின நாளே சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உன் வரைபடத்தில் இருக்கிற நடைபாதை பெரிய ரோடு வரைக்கும் ஒழுங்காகத்தான் போகிறது. அங்கே கடக்க வழியில்லை. பாதி ரோடு கடந்து, நடுத்திட்டில் கையூன்றி விழுந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பக்கமும் லாரி. ஒரு மணி நேரம் கழித்துப் பால் வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் விட்டார். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது.

கைக்கு மருந்து போட்டேன். “எல்லாரும் நடக்கறாங்களாமே, என்னாலதான் முடியல” என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டு வாசலைத் தாண்டவில்லை. பயிற்சி வேண்டாமாம், போதுமாம். நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை. பாவி, பயந்துவிட்டேன்.

இருபதாம் தேதி கூட்டத்துக்குப் போகிறேன். டீச்சரும் வருகிறாள். நாங்கள் பொய்யாகப் போட்டோம் என்று எழுந்து நின்று சொல்லப்போகிறேன். இந்த அறிக்கைக்காக உன் மேலதிகாரி எல்லோர் முன்னாலும் உன்னைப் பாராட்டினார் என்று எழுதியிருந்தாய். அதை நாலு தடவை படித்தேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லையடா, சொல்லிவிட்டுச் செய்கிறேன். அதற்குள் நீயே கணக்கு தப்பு, மறுபடி எடுக்க வேண்டும் என்று நகராட்சிக்கு எழுதிவிட்டால் உன் மரியாதை நிற்கும். என்னைக் காட்டிக் கொடுத்தே எழுது. அக்கா பொய் சொன்னாள் என்று எழுது. பரவாயில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ எந்தக் குறையும் இல்லாமல் நன்றாயிருக்க வேண்டும். கோபம் வந்தால் போன் பண்ணித் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். மாமாவிடம் மட்டும் நீ எதுவும் சொல்லிவிடாதே. நடக்க முடியாதவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை என்பதை, அவர் முகத்தைப் பார்த்து நான்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா