தும்பைப்பூவின் அட்டை

ஜூன் 3, திங்கள்

பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெறும் பக்கத்தை வெட்டி நாற்பத்தொரு அட்டைகள் செய்துவிட்டேன். எங்கள் வட்டார வாசகர்களின் இணைய மன்றத்தில் எல்லோருக்கும் புனைபெயர். யார் எதைச் சொன்னார்கள் என்பது இரண்டே நாளில் குழம்பிவிடுகிறது. இனி எழுதுகிறவர் ஒருவருக்கு ஓர் அட்டை: வரும் நேரம், பிடித்த புத்தகம், யாரோடு சண்டை, யாருக்குப் பாராட்டு.

அம்மா எட்டிப் பார்த்தாள். “இன்னாடி, மூஞ்சி தெரியாத ஆளுங்களுக்கு ஜாதகம் எழுதிக்கினு கீறியா? உன்னுது எப்போ எழுதறது?”

ஜூன் 19, புதன்

‘தும்பைப்பூ’ கதை போட்டால் ‘படிக்கட்டு’தான் முதலில் பாராட்டுகிறார். அட்டைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இருவரும் ஒரே நேரத்தில் மன்றத்தில் இருந்ததே இல்லை. ஒருமுறைகூட.

ஜூன் 22, சனி

நேரங்களைப் பட்டியலிட்டு மன்றத்தில் போட்டேன்: இருவரும் ஒரே ஆள், தன் கதையைத் தானே புகழ்ந்துகொள்கிறார். சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. ஒருவர் என்னைத் துப்பறியும் ராணி என்றார். எனக்கு அது பிடித்திருந்தது – அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூன் 23

இருவரும் வரவில்லை.

ஜூலை 1, திங்கள்

படிக்கட்டிடமிருந்து தனிச்செய்தி. “என் பேரு தேவயானி. தும்பைப்பூ என் ஓரகத்தி கனகா. வூட்ல எங்க ரெண்டு பேருக்கும் ஒரே போன். நான் மாடு கறக்கச்சொல்ல அவ எழுதுவா, அவ சோறு ஆக்கச்சொல்ல நான் படிப்பேன். நல்லா கீதுன்னு தோணுச்சு, சொன்னேன். அது தப்பாம்மா? இப்போ போனை நீட்டினாலும் வாங்க மாட்டேங்கறா.”

போன வருஷம் வரை எங்கள் வீட்டிலும் ஒரே போன்தான். காலையில் அம்மாவின் ஜெபக் குழு, சாயங்காலம் நான். எனக்கே இது எப்படித் தோணாமப் போச்சு? அட்டையில வூட்டுக்குன்னு ஒரு வரி வைக்கலியே நான்.

ஜூலை 2

மன்றத்தில் மன்னிப்புக் கேட்டேன். நான்கு பேர் படித்திருக்கிறார்கள். குற்றச்சாட்டை முந்நூறு பேர் படித்தார்கள்.

செப்டம்பர் 14, சனி

‘ஈரவிறகு’ என்று புதிதாக ஒருவர். திருமுக்கூடல் ஆற்றுமணலில் தொலைந்த மாட்டைத் தேடும் பெண்ணின் கதை. கனகாவாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அட்டை போடவில்லை.

இரண்டு நாளாக யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எழுதினேன்: மாடு கிடைக்காமல் அவள் வெறும் கயிற்றோடு திரும்பும் இடம் மனதில் நிற்கிறது.

பத்து நிமிடத்தில் அதன் கீழே யாரோ, சிரிப்புப் பொம்மையோடு: “நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆளுதானே?”

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கதை அங்கே இல்லை.