பழசாக்கிய புது டப்பாக்கள்

ஜனவரி 9

சிட்டுவின் அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆச்சோ என்று பதற வேண்டாம். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுவோம். பெரும்பாலும் நான்தான். அதனால் எழுதுகிறேன்.

நம் பெண்ணுக்கு ஆபீசில் மூன்று மாதம் கெடு வைத்திருக்கிறார்கள். வீட்டு வரைபடம் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் போட்டதை அனுப்ப மறந்துவிடுகிறாள். இன்றைக்கு நடக்கிற கூட்டத்துக்கு நாளைக்குப் போய் நிற்கிறாள். வீடு கட்டக் கொடுத்தவர்களின் சாவியை எங்கேயோ வைத்துவிட்டு, அந்தக் குடும்பத்தையே வாசலில் நிற்க வைத்திருக்கிறாள். இது நாலாவது வேலை. வயசு முப்பத்து மூன்று. போன வாரம் என் சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, நான் சோம்பேறியா, இல்ல எனக்கு வேற ஏதாவது இருக்கா? அது தெரியாம இனிமே என்னால ஓட முடியாது" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு மனநல டாக்டரம்மாவைப் பார்த்திருக்கிறாள். ஏ.டி.எச்.டி.யாக இருக்கலாமாம். புத்தியில் குறை இல்லை, கவனத்தை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்துக்கு நிறுத்த முடியாமல் போவது. சின்ன வயதிலிருந்தே இருக்குமாம். அதைச் சோதித்துச் சொல்ல, பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளை எப்படி இருந்தது என்று வளர்த்தவர்கள் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். பதினெட்டுக் கேள்வி. என்னுடையதை நிரப்பிவிட்டேன். ஆனால் நான் பாதி நாள் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் வேலை பார்த்தவள். நீங்கள்தான் வீட்டில் உட்கார்ந்து அச்சகத்துத் தாள்களில் பிழை திருத்திக்கொண்டு அவளையும் பார்த்துக்கொண்டீர்கள். உங்களிடம் அவளே கேட்கலாமே என்றேன். "அப்பா ஒருத்தராவது என்னைப் பத்தி நல்லா நினைச்சிட்டிருக்கார், அதை ஏம்மா கெடுக்கணும்?" என்கிறாள்.

உங்கள் படிவம் இதோடு இருக்கிறது. டாக்டரம்மா கொடுத்திருக்கிற நாள் பிப்ரவரி 20. அதை விட்டால் ஐந்து மாதம் கழித்துத்தான். அதற்குள் வேலை போய்விடும். செல்லம் கொடுத்துக் கெடுத்தது யார், திட்டித் திட்டிக் கெடுத்தது யார் என்ற சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா


ஜனவரி 17

அன்புள்ள சிட்டுவின் அம்மாவுக்கு,

அன்புள்ள என்று போடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். பேனா போட்டுவிட்டது, அடிக்க மனசில்லை.

கடிதம் படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. பிள்ளை தரையில் உட்கார்ந்தாள் என்று எழுதியிருக்கிறாய். நாற்காலி இல்லையா?

படிவத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறேன். பதினெட்டுக்கும் ஒரே பதில், "ஒருபோதும் இல்லை". பொருட்களை அடிக்கடி தொலைப்பாளா? இல்லை. வீட்டுப்பாடத்தை முடிக்காமல் விடுவாளா? ஒருநாளும் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு புகார் வந்ததுண்டா, நீயே சொல். என் பெண்ணைப் பற்றி மட்டமாக நாலு வரி எழுதி ஒரு டாக்டர் கையில் கொடுக்க எனக்குக் கை வராது. என் கண்ணெதிரில் இருந்தவரை அவளுக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கு மேல் சொன்னால் நீ சண்டைக்கு வருவாய்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தியேட்டரில் இன்னும் மணிக்கணக்காக நிற்கிறாயா?

இப்படிக்கு,
சிட்டுவின் அப்பா


பிப்ரவரி 1

சிட்டுவின் அப்பாவுக்கு,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. உங்கள் படிவம்தான் தலைவலி.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். இரண்டு படிவத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "உங்களுக்கு ரெண்டு பொண்ணாம்மா?" என்று கேட்டார். நான் பதினைந்து கேள்விக்கு "மிக அடிக்கடி" போட்டிருக்கிறேன். நீங்கள் நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்திருக்கிறீர்கள். இந்த இரண்டை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

எனக்கு எங்கிருந்து "மிக அடிக்கடி" வந்தது தெரியுமா? அவளுக்கு ஒன்பது வயதில் உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்களே, அந்தப் பத்து நாள். நான் லீவு போட்டு அவளோடு இருந்தேன். முதல் நாள் பையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். இரண்டாம் நாள் ஒரு காலில் கறுப்பு ஷூ, ஒரு காலில் வெள்ளை. பத்து நாளில் மூன்று தண்ணீர் பாட்டில் போயிற்று. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் போய், ஜன்னலில் எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், தண்ணீர் ஹால் வரைக்கும் வந்தது. அப்பா இல்லாத கோபத்தில் வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்தேன். நீங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து எல்லாம் ஒழுங்காயிற்று. அதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம்.

டாக்டரம்மா உங்களைத் திரும்ப எழுதச் சொன்னார். கேள்வியை இப்படிப் படிக்க வேண்டுமாம்: நீங்கள் ஒரு கையும் கொடுக்காமல் விட்டிருந்தால் அவள் எப்படி இருந்திருப்பாள்? உங்கள் மனசாட்சிக்குத் தெரிந்ததை எழுதுங்கள். பத்தொன்பது நாள்தான் இருக்கிறது.

சிட்டுவின் அம்மா


பிப்ரவரி 6

அன்புள்ள சிட்டுவின் அம்மாவுக்கு,

உட்கார்ந்து படி. இருபத்தேழு வருஷமாக உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லப் போகிறேன்.

நான் தாள்கள் வைக்கும் பீரோவின் மேல்தட்டை நீ ஒருநாளும் திறந்ததில்லை. அதில் எப்போதும் ஒரே மாதிரி நீலத் தண்ணீர் பாட்டில் நாலைந்து இருக்கும். பென்சில் டப்பா மூன்று, மழைக்கோட்டு இரண்டு, குடை ஒன்று. ஒன்றாம் வகுப்பில் அவள் முதல் பாட்டிலைத் தொலைத்த அன்று, நீ டியூட்டி முடிந்து வரும் சத்தம் கேட்டுக் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் அதே மாதிரி ஒன்று வாங்கிப் பையில் வைத்துவிட்டேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. "வீட்ல எத்தனை பிள்ளைங்க சார்?" என்று கடைக்காரர் கேட்டார். நாலு என்று சொல்லிவைத்தேன்.

புதுசாக இருந்தால் உன் கண்ணுக்குத் தப்பாது. அதனால் டப்பாவை மாடிப்படிச் சிமெண்டில் தேய்த்துப் பழசாக்குவேன். மூடியில் அவள் ஒட்டியிருந்த மாதிரியே ஒரு படம் ஒட்டிப் பாதியைக் கிழிப்பேன். அவளிடமும் சொன்னதில்லை. காலையில் பையைத் திறந்துவிட்டு, "அப்பா, டப்பா உள்ளேயேதான் இருந்திருக்கு!" என்று குதிப்பாள். அந்தக் குதிப்புக்காகவே இன்னும் நாலு டப்பா வாங்கலாம் போலிருக்கும்.

வீட்டுப்பாடமும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி விரலால் தட்டி "அடுத்தது, அடுத்தது" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க எழுந்து போனால் போச்சு, திரும்பி வரும்போது நோட்டு ஒரு பக்கம் கிடக்கும், அவள் ஜன்னலில் இருப்பாள். காலேஜ் கடைசி வருஷப் பரீட்சைக்கு மறுநாள் போய் நின்றாளே, அப்போது நான் கண் ஆபரேஷனுக்காக அக்கா வீட்டில் இருந்தேன். தேதியை நினைவுபடுத்த ஆளில்லை. அந்தச் சண்டையில்தான் நான் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்காவது இதைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

தப்பு வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். பெற்ற பிள்ளையிடமும் அதையே செய்துவிட்டேன். புதுப் படிவம் இதோடு இருக்கிறது. பதினாறு "மிக அடிக்கடி". ஒவ்வொன்றையும் போடும்போது அவளைக் காட்டிக்கொடுப்பது போல இருந்தது. நான் மறைக்காமல் இருந்திருந்தால் ஏழெட்டு வயதிலேயே யாராவது கண்டுபிடித்திருப்பார்களா? இதை மட்டும் டாக்டரம்மாவிடம் கேட்டு எழுது. பதில் எப்படி இருந்தாலும் எழுது.

சிட்டுவின் அப்பா


பிப்ரவரி 10

நாலு பிள்ளைகளின் அப்பாவுக்கு,

ஆபரேஷனுக்கு முன்னால் எத்தனை கத்தரி, எத்தனை பஞ்சு என்று எண்ணி, முடிந்த பிறகு மறுபடி எண்ணுகிறவள் நான். ஒன்று குறைந்தால் பெரிய டாக்டராக இருந்தாலும் தையல் போட விடமாட்டேன். என் சொந்த வீட்டில் ஒரு கடையே நடந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு கோபம் வந்தது என்று எழுதினால் தாள் எரியும். கடிதத்தை இரண்டு தடவை கிழிக்கப் போனேன்.

கிழிக்கவில்லை. ஏன் மறைத்தீர்கள் என்று யோசித்தால் ஒரே பதில்தான் வருகிறது. என் வாய்க்குப் பயந்து.

நானும் ஒன்று சொல்கிறேன். அந்தப் பத்து நாளில் மூன்றாவது பாட்டிலும் போனபோது, "இனிமேல் எதையும் தொலைக்க மாட்டேன்" என்று நூறு தடவை எழுத வைத்தேன். அழுதுகொண்டே இரண்டு நாள் எழுதினாள். எழுதி முடித்த நோட்டைத் தொலைத்துவிட்டாள். நான் அன்றைக்குச் சிரித்திருக்க வேண்டும். அடித்தேன். கன்னத்தில். அன்றிலிருந்து அவள் எதைத் தொலைத்தாலும் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள், நான் அதைத் திருந்திவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. நினைக்கும்போதெல்லாம் கை கூசுகிறது.

படிவத்தோடு உங்கள் கடிதத்தையும் டாக்டரம்மாவிடம் கொடுத்தால் நல்லது என்று தோன்றுகிறது. அறையில் சிட்டுவும் இருப்பாள், அவளுக்கும் தெரிந்துவிடும். உங்களுக்குச் சம்மதமா? உடனே எழுதுங்கள்.

சிட்டுவின் அம்மா


பிப்ரவரி 14

அன்புள்ள சிட்டுவின் அம்மாவுக்கு,

கொடு. தெரியட்டும். என்மேல் கோபப்பட்டால் தடுக்காதே, சமாதானமும் சொல்லாதே. அவள் பட வேண்டிய கோபம்தான்.

நோட்டு விஷயத்தை நீயே அவளிடம் சொல்லிவிடு. உன்னால் முடியும். என்னைவிட உனக்குத் தைரியம் எப்போதும் ஜாஸ்தி.

அன்றைக்கு அங்கே வரட்டுமா என்று கேட்கத்தான் இந்தத் தாளை எடுத்தேன். கேட்கவில்லை. அவள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குப் பயம். நீ பக்கத்தில் இரு.

சிட்டுவின் அப்பா


மார்ச் 2

அன்புள்ள உங்களுக்கு,

இருக்கிறது. ஏ.டி.எச்.டி.தான், சந்தேகமே இல்லை என்று சொல்லிவிட்டார். நல்ல சேதி சொல்கிற மாதிரி எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள், எனக்கு நல்ல சேதிதான். அவளுக்கும்.

மூன்று மணி நேரம் இருந்தோம். உங்கள் கடிதத்தை டாக்டரம்மா அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார். சிமெண்டில் தேய்த்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். "அப்போ அதெல்லாம் திரும்பி வரலையா?" என்று என்னைக் கேட்டாள். பிறகு டாக்டரம்மாவிடம் சொன்னாள்: "சின்ன வயசுல நான் எதைத் தொலைச்சாலும் எப்படியோ கிடைச்சிடும். பெரியவளானப்புறம் ஒண்ணுகூடக் கிடைக்கல. நல்லா இருந்தவ நடுவுல கெட்டுப் போயிட்டேன்னு நினைச்சேன். பதினோரு வருஷமா என்ன தப்பு பண்ணேன்னு தேடிட்டிருக்கேன்." அப்புறம் சிரித்தாள். அப்புறம் அழுதாள், நன்றாக. நான் பக்கத்திலேயே இருந்தேன்.

நோட்டு விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு நூறு தடவை எழுதியது நினைவிருக்கிறது, அடித்தது நினைவில்லையாம். பொய் சொல்கிறாள். அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் கேட்டதைக் கேட்டேன். முன்பே தெரிந்திருக்கலாம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். ஆனால் வந்தது உங்கள் செல்லத்தாலும் இல்லை, என் கண்டிப்பாலும் இல்லையாம். "நீங்க ரெண்டு பேரும் இல்லாட்டியும் வந்திருக்கும்" என்றார். பதினோரு வருஷம் நாம் நடத்திய வழக்கு தள்ளுபடி.

மருந்து சின்ன அளவில் தொடங்கியிருக்கிறார், ஒவ்வொரு மாதமும் போய்க் காட்ட வேண்டும். ஆபீசுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். வரைபடம் முடிந்ததும் அனுப்பிவைக்கிற வேலையைப் பக்கத்து மேசைக்காரர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. கெடுவை எடுக்கவில்லை, ஆறு மாதமாக நீட்டியிருக்கிறார்கள். அதுவே பெரிசு. உங்கள்மேல் அவளுக்குக் கோபம் இருக்கிறது. இரண்டு நாள் உங்கள் பேரையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள், "அந்தக் கடைக்காரர் நாலு பிள்ளைங்கன்னு நம்பினாராம்மா?" என்று கேட்டாள்.

நேற்று ஆபீஸ் அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து, "அம்மா, தொலைச்சிட்டேன்" என்றாள். இருபத்துநாலு வருஷம் கழித்து முதல் தடவையாகச் சொல்கிறாள். எனக்குத் திட்டு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டு, "சரி, தேடு" என்றேன். அவள் தேடினாள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களைத் தவிர யாரிடம் சொல்ல முடியும்? நான் திட்டாமல் இருக்க வேண்டும், நீங்கள் எழுந்து ஓடிப் போய்த் தேடிக் கொடுக்காமல் இருக்க வேண்டும். இதைத் தனித்தனியாகப் பழகுவது நடக்கிற காரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கே வாருங்கள். சிட்டு கூப்பிடச் சொன்னாள் என்று எழுதலாம், சுலபமாக இருக்கும். அவள் சொல்லவில்லை. நான்தான் கூப்பிடுகிறேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். கதவைத் தட்டினால் போதும்.

உங்கள்
மனைவி