இருபத்தைந்தாம் தேதி வேலைக்குப் போவதா, வேண்டாமா

மரக்காணம்
12-3-1974

அன்புள்ள செல்விக்கு, அம்மா ஆரோக்கியம் சொல்லத் தம்பி அற்புதராஜ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், டெல்லிக் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறோம். முதற்கண், நம் வீட்டுச் சிவப்புக் கோழி தன் நெடுநாளைய மவுனத்தைக் கலைத்து நேற்று நண்பகல் முட்டை ஒன்று இட்டருளியது என்பதை இதன்மூலம் சகலருக்கும் அறிவிக்கிறோம். மெட்ராஸில் சங்கத்துக்கும் அதிகாரிகளுக்கும் நடந்த பேச்சுவார்த்தையிலிருந்து அப்பா கொண்டுவந்ததும் முட்டைதான், ஆனால் அதை அவிக்க முடியாது. கடுதாசியில கிண்டல் எழுதாதடா என்று அம்மா குட்டினாள், தலையைத் தடவிக்கொண்டு தொடர்கிறேன்.

அப்பாவின் உப்பு ஆபீஸ் ஆட்கள் விலைவாசிக்குத் தக்கபடி பஞ்சப்படியை ஏற்றிக் கேட்டார்கள். இந்த வருஷ பட்ஜெட்டில் சம்பளத்துக்கு ஒதுக்கியது அவ்வளவுதான், அதற்கு மேல் இடமில்லை என்று அதிகாரிகள் கையை விரித்துவிட்டார்களாம். ஆக, பஞ்சம் சாங்ஷன் ஆகிவிட்டது, படிதான் பாக்கி. அதனால் வருகிற இருபத்தைந்தாம் தேதியிலிருந்து எல்லா ஊர் மத்திய சர்க்கார் ஆபீஸிலும் ஸ்ட்ரைக், உன் ஆபீஸும் சேர்த்தி. நீ நிதி இலாகாவில் டைப் அடிப்பதால் பட்ஜெட்டே உன் கையால்தான் பிறக்கிறது என்று இங்கே நினைப்பு. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை அக்கா வந்து, உம் பொண்ணு அடிக்கும்போது கூட ஒரு சைபர் சேத்து அடிச்சிருக்கக் கூடாதா, யார் எண்ணிப் பாக்கப்போறான் என்று அம்மாவைக் கேட்டாள்.

இருபத்தஞ்சாந்தேதி எல்லாரோடவும் நீயும் வெளியே வந்துடணும்னு எழுதுடா என்று அப்பா காலையில் சொன்னார், எழுதிவிட்டேன். அவர் சங்கக் கூட்டத்துக்குப் போனதும், வேலைக்குப் போ, வெளியே வராதே என்று எழுதச் சொல்கிறாள் அம்மா, அதையும் எழுதிவிட்டேன். நீ இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை, வெளியே வந்தால் விசாரணைகூட இல்லாமல் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்பது அப்பாவுக்கும் தெரியும். நேற்று அம்மா கேட்டதற்கு அவர், ஊரான் பிள்ளைங்கள வெளிய கூப்பிட்டுட்டு எம் பொண்ண மட்டும் உள்ள உக்காருன்னு எந்த மூஞ்சியோட சொல்றது என்றார். போன வேலையத் திரும்ப வாங்கித் தர உங்க சங்கமா வரும் என்று அம்மா கேட்டாள், அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நாலு பக்கமும் வரப்பு கட்டிப் பாத்தியில விட்ட தண்ணி மாதிரி நிக்கிறேன்டி என்று எழுதச் சொல்கிறாள்.

இதற்கு நடுவில் உப்பளக்காரர்களின் கோபம் வேறு. ஸ்ட்ரைக்கில் ஆபீஸ் மூடிக்கிடந்தால் பாஸ் கிடைக்காது, பாஸ் இல்லாமல் உப்பு லாரி நகராது, நம் தேசப்பன் மாமா வாரிக் குவித்த உப்பெல்லாம் உப்பளத்து ஓரத்திலேயே கிடக்கும், ஒரு கோடை மழை போதும் அத்தனையும் போய்விடும். முந்தாநாள் மாமா வாசலிலேயே நின்றுகொண்டு அப்பாவிடம், உங்க பஞ்சப்படிக்கு எங்க உப்பு கரையணுமா சவரி, எங்களுக்கு எந்த பட்ஜெட்டுல படி எழுதியிருக்குது என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அம்மா நீட்டிய காப்பியை வாங்கவில்லை. உன் தம்பி நான் மட்டும் இல்லையென்றால் சங்கம் என்றைக்கோ படுத்திருக்கும். அனுமந்தை வரைக்கும் சைக்கிளில் போய்ப் போஸ்டர் ஒட்டியவன் நான், கோஷம் எல்லாம் என் சொந்தச் சரக்கு, ஸ்ட்ரைக் நாளில் வேலை செய்யக் கருங்காலி எவனாவது ஆபீஸ் கேட்டுக்குள் கால் வைத்தால் அவன் செருப்பு மட்டும்தான் வீட்டுக்குத் திரும்பும் என்று கூட்டத்திலேயே பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். எம் புள்ளடா என்று அப்பா முதுகில் தட்டினார்.

தவக்காலம், வெள்ளிக்கிழமையில் கறி தொடாதே, தலைக்கு எண்ணெய் வை, கூட்டம் கோஷம் என்றால் ஓரமாக நட. பதிலைப் பாஞ்சாலை அக்கா வீட்டு விலாசத்துக்குப் போடு, அப்பா கையில் கிடைக்க வேண்டாம். எந்தப் பக்கம் போனாலும் மாதா உன் கூடவே வருவாள், உன் வேலைக்கும் உன் உடம்புக்கும் ஒரு குறையும் வராது என்று ஆசீர்வதிக்கும்,
உன் அம்மா,
ச. ஆரோக்கியம்

அக்கா, கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மா அடுப்பண்டை போய்விட்டாள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஸ்ட்ரைக் நாளில் உட்கார்ந்து பாஸ் எழுத எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பையன்கள் வேண்டும், தினக்கூலி என்று உப்பு ஆபீஸர் போன வாரம் ஆள் விட்டிருந்தார். முதலில் போய்ப் பேர் கொடுத்தவன் நான்தான். தேசப்பன் மாமாவின் உப்பைக் காப்பாற்றத்தான் என்று அளக்கலாம், ஆனால் மாமா வந்து அழுததே அதற்கப்புறம்தான். வேலை என்று ஒருத்தர் கூப்பிட்டதும் கால் தானாகப் போய்விட்டது. அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை, பேரை அடித்துவிடுங்கள் என்று கேட்கவும் மனசு வரவில்லை. ஆபீஸர் என் தகப்பன் பேரைக் கேட்டார், சவரிராயன் என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.