காயமில்லாத இடத்தில் பிளாஸ்திரி

செவ்வாய், இரவு.

மாரடைப்பில் அப்பாவின் இதயச் சுவரில் ஓட்டை விழுந்தது. அறுவை சிகிச்சையை உடம்பு தாங்காது என்று, தொடை வழியாகக் குழாய் விட்டு ஒரு சின்ன வில்லையால் அடைத்தார்கள். இன்னும் கொஞ்சம் கசிகிறது. பாரம் தூக்கினால் வில்லை நகரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இன்று சித்தப்பா வந்தார். "இன்னாண்ணே, நெஞ்சுல ஒரு கீறல்கூட இல்ல! சும்மா படுத்துக்கினு வந்தியா? வா, மூட்டைக்கு ஒரு கை குடு."

அப்பா சிரித்தபடி எழுந்து போய்விட்டார். நெல் மூட்டையில் கை வைத்தபோதுதான் அம்மா பார்த்துக் கத்தினாள்.

சித்தப்பா போனதும் அம்மா பஞ்சு வைத்து, அப்பாவின் நடு நெஞ்சில் பெரிய பிளாஸ்திரி ஒட்டினாள்.

"காயம் எங்கடி கீது?"

"ஊருக்குத்தான். பேசாம குந்து."

மாலையில் பார்க்க வந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். யாரும் அவரை எதற்கும் கூப்பிடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

படுக்கும் முன் அதைப் பிரிக்கப் போனேன். அப்பா கையால் மூடிக்கொண்டார். "இருக்கட்டும்மா. இத்தத் தொட்டாத்தான் எனக்கே நெனப்பு வருது."

நாளை பிளாஸ்திரி வாங்க வேண்டும். பஞ்சும்.