பட்ட இலுப்பைக்கு மஞ்சள் துணி

பூர்ணிமா அப்பாவுக்கு,

வணக்கம். இருமல் நின்றதா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

வேதாரண்யத்துக் காட்டில் நான் காப்பாற்றப் பார்க்கும் அரிய வண்டு, பட்ட இலுப்பை மரத்துக்குள்தான் புழுவாக வளர்கிறது. விறகுக்கு யாரும் வெட்டிவிடக் கூடாதென்று மரத்தில் மஞ்சள் துணி கட்டினேன். அம்மன் வந்துவிட்டதாக நினைத்து, ஊரார் மரத்தடியிலேயே சூடம் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். துணியை அவிழ்த்தால் கோடரி வரும், விட்டுவைத்தால் நெருப்பு.

நேற்று வள்ளியம்மை என்பவர் தீக்குச்சியை உரசியே விட்டார்.

“கைக்குழந்தை தூங்குற வீட்டுல புகை போடுவீங்களா? இதுக்குள்ளயும் குஞ்சுங்க தூங்குதும்மா” என்றேன்.

“சூடம் இல்லாம என்னா சாமிம்மா?” என்று முறைத்தார். ஆனாலும் குச்சியை ஊதி அணைத்தார்.

வெள்ளிக்கிழமை பெருங்கூட்டம் வருமாம். கவலைப்படாதீர்கள். கால்வலித் தைலம் தீர்ந்துவிட்டது. அனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டு வாருங்கள். மரத்தின் மறுபக்கம் நிற்க ஆளில்லை.

தபால்காரர் காத்திருக்கிறார்.

அனுராதா